மூட்டுக்கும் ஒரு ஜாதகம் உண்டு

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். வாழைப்பூ, கறிவேப்பிலை, ஃபில்டர் காப்பிப் பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். கூடவே இலவசமாகக் கிடைப்பது முட்டிவலிப் பேச்சு. ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாக்கள் இரண்டு பேர் சந்தித்தால், "எந்த ஊர், பையன் எங்கே வேலை" என்பது ஐந்து நிமிஷம். ஆறாவது நிமிஷம் முட்டி வந்துவிடும். வங்காளிகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் மாடிவீட்டு மாஷிமா (மாஷி என்றால் இங்கே அம்மாவின் சகோதரி, அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் அப்படிக் கூப்பிடுவோம்) முட்டிக்காகக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து வேலூர் போய் வருகிறவர். நாம் பிழைக்க இங்கே வருகிறோம், இவர்கள் வைத்தியத்துக்கு அங்கே போகிறார்கள். அதே ரயில்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமா? எந்த ஆஸ்பத்திரி? எந்தக் கம்பெனி மூட்டு?" இந்த மூன்று கேள்வியும் என்னிடம் அடிக்கடி வரும். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஹவ்ராவில் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவள். என் அம்மாவுக்கு 2019-ல் இங்கே இரண்டு முட்டியும் மாற்றினோம். உள்ளே வைப்பது உலோகம் என்றதும், நம் துறையாயிற்றே என்று படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு அந்த மூன்று கேள்விகளுக்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது. "இதே மூட்டை வைத்துக்கொண்டவர்கள் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்ல மூட்டு மாற்றத்தின் சரித்திரத்துக்குள் போக வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890, பெர்லின். தெமிஸ்டோக்ளஸ் க்ளுக் என்று ஒரு அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் காசநோய் நுரையீரலோடு நிற்காது, மூட்டுகளையும் அரித்துவிடும். அப்படிக் கெட்டுப்போன 17 வயதுப் பெண் ஒருத்தியின் முழங்காலை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தில் கதவுக் கீல் மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார் க்ளுக். முர்ஷிதாபாத் தந்த வேலைப்பாடுகளைப் பார்த்தவர்களுக்கு, தந்தம் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கக் கொடுக்கும் என்று தெரியும். கைவேலையில் குறை இல்லை. ஆனால் உள்ளே காசநோய்க் கிருமி இருந்தது. சீழ் பிடித்து, அவர் வைத்த மூட்டுகளில் சிலவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கிருமி இருக்கும் இடத்தில் செயற்கை மூட்டு நிற்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். இன்றைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் புண் இருக்கிறதா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பதன் காரணம் இதுதான். "முட்டிக்கு வந்தா பல்லைப் பாக்கறாளே" என்று என் அம்மா முணுமுணுத்தாள்.

அடுத்து 1923, அமெரிக்காவில் பாஸ்டன். ஒரு நோயாளியின் முதுகில் பல நாளாகப் புதைந்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்த ஸ்மித்-பீட்டர்சன் என்ற மருத்துவர், அதைச் சுற்றி உடம்பு வழவழப்பாக ஒரு சவ்வு வளர்த்திருப்பதைக் கவனித்தார். அப்படியானால் தேய்ந்த இடுப்பெலும்பின் தலைக்குக் கண்ணாடியில் தொப்பி போட்டால் என்ன? போட்டார். உடைந்தது. 1938-ல் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த வைட்டாலியம் என்ற உலோகத்துக்கு மாறினார். யோசனை சொன்னது அவருடைய பல் டாக்டர்! இன்றைக்கும் பெரும்பாலான முட்டிகளில் இருப்பது அந்தக் குடும்பத்து உலோகம்தான். பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1946-ல் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இடுப்புப் பந்து வைத்தார்கள். அதில் ஒரு தொந்தரவு, கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். சாப்பாட்டு மேஜையில் குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிடுகிறது என்று ஒருவரின் மனைவி அந்த மேஜையையே தவிர்த்தாராம். இந்தக் கதையைக் கேட்டவர்களில் ஒருவர்தான் ஜான் சார்ன்லி.

சார்ன்லியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் என்று ஓர் ஆஸ்பத்திரி. காசநோய்க்காரர்களுக்காக இருந்தது. அங்கே உட்கார்ந்து இவர் இடுப்பு மூட்டை ஒரு யந்திரமாகப் பார்த்தார். கிறீச் சத்தம் என்றால் உராய்வு அதிகம் என்று அர்த்தம். உராய்வு அதிகம் என்றால் மூட்டு எலும்பிலிருந்து ஆட்டம் கண்டுவிடும். ஆகவே உராய்வைக் குறை. சின்ன உலோகப் பந்து, அது சுழல வழுக்கலான கிண்ணம், இரண்டையும் எலும்போடு இறுக்கிப் பிடிக்க அக்ரிலிக் சிமெண்ட் (இதுவும் பல் வைத்தியத்திலிருந்து வந்ததுதான்). கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். நம் தோசைக்கல்லில் இருக்கிறதே, அதுவேதான்.

வலியில் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1958 வாக்கில் ஆரம்பித்து சுமார் 300 பேருக்கு வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகள் உள்ளே சேர்ந்து, சுற்றியிருந்த சதையும் எலும்பும் கெட்டன. ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வந்தார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் அத்தனை பேரும் "பிரமாதம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்! துகளைச் சதை எப்படி ஏற்கிறது என்று பார்க்க சார்ன்லி அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டார்.

பிறகு 1962-ல் ஒரு வியாபாரி அங்கே வந்தார். லங்காஷயர் தறிகளின் பல்சக்கரங்களுக்குப் போடும் ஒருவகை பாலிஎத்திலின் பிளாஸ்டிக் அவரிடம் இருந்தது. சார்ன்லிக்கு அதில் அக்கறையில்லை. அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி க்ரேவன் மட்டும், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அதைத் தேய்மான யந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரத்திலும் தேயவில்லை. அந்த நவம்பரிலேயே முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. ஹூக்ளிக் கரை சணல் ஆலைகளில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்: உங்கள் அம்மாவின் முட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் தறிக்கூடத்து வகையறா.

இரண்டாம் முறை சார்ன்லி அவசரப்படவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பல வருஷம், தன்னிடம் வந்து பயிற்சி எடுத்த மருத்துவர்களுக்கு மட்டுமே அந்த மூட்டைக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான சம்மதம் வாங்கினார். நீங்கள் காலமான பிறகு அந்த இடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்! சம்மதித்தார்கள், கொடுக்கவும் செய்தார்கள். அறுவை அறைக்குள் வடிகட்டிய காற்றை மட்டும் விட்டது உள்படப் பல மாற்றங்கள் செய்து, 100 பேரில் 7 பேருக்கு வந்துகொண்டிருந்த தொற்றை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1977-ல் சர் பட்டம், 1982-ல் மறைவு.

முழங்கால் இதைவிடச் சிக்கலானது. க்ளுக்கிலிருந்து 1950-கள் வரை அதைக் கதவுக் கீலாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். முட்டி மடங்கும்போது உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. வெறும் கீல் அதைத் தாங்காமல் தளர்ந்துவிடும். சார்ன்லியிடம் வேலை செய்த கனடாக்காரர் ஃப்ராங்க் கன்ஸ்டன் 1968 வாக்கில் கீல் இல்லாத முட்டியைச் செய்தார். 1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்தரஞ்சன் ரணாவத் ஆகியோர் செய்த 'டோட்டல் கான்டைலர்' முட்டிதான் இன்றைய முட்டிகளுக்கெல்லாம் பாட்டன். ரணாவத் இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டுப் போனவர். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முட்டியையும், 2001 ஜூனில் வலது முட்டியையும் மாற்றியவர் அவரே. அதற்குப் பிறகுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் "பிரதமரே பண்ணிண்டாரே" என்று வாயைத் திறந்தார்கள்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். முட்டியை முழுசாகக் கழற்றி எறிவதில்லை. தொடை எலும்பின் கீழ்நுனியிலும் கணுக்கால் பக்கம் போகும் எலும்பின் மேல்நுனியிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, மேலே உலோக மூடி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பிளாஸ்டிக். பல்லுக்குக் கேப் போடுகிற மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னேன். பயம் பாதி போயிற்று.

சரி, இனி கசப்பான கதை. 2000-களில் இடுப்புக்கு உலோகப் பந்து, உலோகக் கிண்ணம், நடுவில் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று ஓர் அலை வந்தது. பிளாஸ்டிக்தானே தேய்கிறது, அதை எடுத்துவிட்டால் இளவயதுக்காரர்கள்கூட ஓடியாடலாம் என்பது விளம்பரம். ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு அதில் ஒன்று. உலகம் முழுவதும் சுமார் 93,000 பேருக்கு வைத்தார்கள். உலோகம் உலோகத்தோடு தேய்ந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. சதை அழுகியது, கட்டிகள் வந்தன. ஐந்தே வருஷத்தில் 100-க்கு 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன். முதலில் மணி அடித்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியா. அங்கே 1999-லிருந்து தேசிய மூட்டுப் பதிவேடு இருக்கிறது. யாருக்கு, எந்த மூட்டு, எப்போது வைத்தார்கள், எப்போது திரும்ப எடுத்தார்கள் என்று கணக்கு. (ஸ்வீடனில் முட்டிக்கு 1975-லிருந்தே உண்டு.) 2009 கடைசியில் ஆஸ்திரேலியாவில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள் நடந்திருந்தன. 2017-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி, சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2018 கடைசியில் 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை இழப்பீட்டுக் கணக்கு அறிவித்தார்கள். அதைக் கேட்க, தன் இடுப்பில் இருப்பது அந்த மூட்டுதான் என்று முதலில் ஒருவருக்குத் தெரிய வேண்டுமே! வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, வயசாச்சு என்று படுத்திருக்கும் யாரோ ஒரு பெரியவரிடம் யார் போய்ச் சொல்வது?

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹவ்ரா ஃபவுண்டரிகளில் செய்யும் சாக்கடை மூடிகள் அமெரிக்கத் தெருக்கள் வரை போகின்றன, தெரியும்தானே? எங்கள் உலையில் ஒருமுறை உருக்கி ஊற்றினால் அது ஒரு 'ஹீட்'. அதற்கு ஓர் எண். அந்த எண்ணைச் சொன்னால் எந்த நாள், எந்த உலை, உருக்கில் என்ன கலவை என்று பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன். சாக்கடை மூடிக்கு இந்த மரியாதை!

அம்மாவின் பில்லை வாங்கிப் பார்த்தால் "இம்ப்ளான்ட்" என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.) 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு மேல் விலை போட்டிருந்த கோபால்ட் குரோமிய முட்டி, வரி நீங்கலாக 54,720-க்கு வந்தது. டைட்டானியம் மாதிரி விசேஷ உலோகம் என்றால் 76,600. செய்தித்தாள்கள் விலையோடு நிறுத்திக்கொண்டன. அதே உத்தரவில் இன்னொன்றும் உண்டு: பில்லில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், அதன் பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், பேட்ச் எண் எல்லாம் எழுத வேண்டும். பில்லிங் கவுண்டரில் இருந்த பையனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் ஃபைலில் இருக்கு தீதி, ஃபைல் எங்ககிட்டேதான் இருக்கும்" என்றான். அப்புறம் மேலே போய்ப் பேசி, இரண்டு நாள் நடந்து வாங்கினேன். ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலுக்கு என்றால், இன்னொன்று உங்களுக்கு. அம்மாவிடம் காட்டினேன். "என்னடி இது, முட்டிக்கு ஜாதகமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். ஆபரேஷன் கல்கத்தாவில் மகள் வீட்டில். அப்புறம் ஆறு மாதம் கும்பகோணத்தில் அண்ணன் வீடு. பிறகு பெங்களூர். பத்து வருஷம் கழித்து முட்டி வீங்கினால் எந்த ஊர் டாக்டர் பார்ப்பாரோ தெரியாது. மறு ஆபரேஷன் என்றால், உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால் தேய்ந்த பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிவிட முடியுமா என்றாவது யோசிப்பார். இங்கே இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. அதில் எழுதுவது மருத்துவரின் விருப்பம். ஆகவே ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைப் படம் எடுத்து, அண்ணன் தம்பி எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள். காகிதம் அம்மாவோடு பெட்டியில் போகட்டும்.

"எந்தக் கம்பெனி?" என்ற கேள்விக்கு என் பதில் இப்போது புரிந்திருக்கும். புதுசு என்பதற்காக வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பதிவேடுகளில் பத்து வருஷக் கணக்கு இருக்கிற மாடலா என்று டாக்டரிடம் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தங்கக் கலர் முட்டி, முப்பது வருஷ முட்டி என்ற விளம்பரத்துக்கெல்லாம் இதே கேள்விதான். ரோபோவுக்கும்தான். ரோபோ இருந்தாலும் ஆபரேஷனை நடத்துபவர் டாக்டர்தான். அவர் வருஷத்துக்கு எத்தனை முட்டி செய்கிறார் என்பதே எனக்கு முதல் கேள்வி.

எவ்வளவு நாள் தாங்கும்? ஆஸ்திரேலியா, பின்லாந்துப் பதிவேடுகளை வைத்து 2019-ல் லான்செட் இதழில் வந்த கணக்கு: முழு முட்டி மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்கின, இடுப்பில் 58 சதவீதம். பழைய மாடல்களின் கணக்கு இது. எழுபது வயதில் செய்துகொள்பவருக்கு ஆயுசுக்கும் போதும். நாற்பதில் இடுப்பு மாற்றுபவருக்கு (ஸ்டீராய்டு, குடி போன்றவற்றால் ரத்த ஓட்டம் நின்று இடுப்பெலும்பின் தலை கெடுவது நம் நாட்டில் இளவயதில் நிறைய) இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும்.

செய்யலாமா வேண்டாமா என்பதை எக்ஸ்ரே மட்டும் தீர்மானிக்காது. படத்தில் எலும்பு எலும்போடு ஒட்டியிருக்கும், ஆள் மூன்று மாடி ஏறுவார். உடற்பயிற்சி, எடை குறைப்பு, மாத்திரை எல்லாம் பார்த்தும் ராத்திரி வலியில் தூங்க முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடமாட்டம் சுருங்கிவிட்டது என்றால் செய்துகொள்ளலாம். முட்டி மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை என்பதும் பல ஆய்வுகளில் வந்த கணக்கு. வலி போகும், பதினாறு வயது முட்டி வராது. அம்மா தரையில் உட்கார்ந்து கோலம் போடுவதை விட்டுவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து பூத்தொடுக்கிறாள், இந்திய பாணிக் கழிப்பறை கிடையாது. இதை முன்கூட்டியே பேசிவிட்டதால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

எந்த ஊரில் செய்வது என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆறு வாரம் பகலில் யார் கூட இருப்பார்களோ அந்த ஊரில். அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம், மருந்தும் தருவார்கள். பிசியோதெரபி வலிக்கும். அழுவார்கள். நிறுத்தினால் முட்டி இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தேதி குறியுங்கள்.

வலி இல்லை என்றாலும் முதல் வருஷ முடிவிலும், அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தேய்வதும் எலும்பு கரைவதும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. மாற்றிய முட்டி திடீரென்று சூடாகி வீங்கினால், காய்ச்சல் வந்தால், தையலிலிருந்து நீர் கசிந்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். போட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகும். அதே நாளில் அறுவை மருத்துவரிடம் போய்விடுங்கள், ஸ்டிக்கர் உள்ள ஃபைலோடு.